வீட்டில் கார் சார்ஜர்: மானியம் எங்கே இருக்கிறது, காசை எங்கே போடுவது

கேள்வி இதுதான். காட்பாடி காந்தி நகரில் சொந்த வீடு, போர்டிகோவில் ஒரு கார் நிற்கும். மின்சாரக் கார் புக் செய்யப் போகிறார்கள். இங்கிலாந்தில் இருக்கும் தம்பி, வீட்டில் சார்ஜர் வைக்க அரசாங்கமே பணம் தருகிறது, அங்கேயும் விசாரித்துப் பார் என்கிறார். இங்கே அப்படி மானியம் உண்டா, எந்த சார்ஜர் வாங்குவது, ஈபி பில் எவ்வளவு ஏறும், கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் சார்ஜ் ஓடுமா?

மானியத்துக்குப் பதில் சின்னது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் வீட்டு கார் சார்ஜருக்கென்று மானியம் கிடையாது. உங்கள் தம்பி சொன்னதும் பொய்யில்லை. இங்கிலாந்தில் சார்ஜர் வாங்கிப் பொருத்தும் செலவில் 75 சதவீதம், அதிகபட்சம் 350 பவுண்டு என்று ஒரு திட்டம் பல வருடம் ஓடியது. 2022 மார்ச்சோடு தனி வீட்டுக்காரர்களை அதிலிருந்து எடுத்துவிட்டு, ஃபிளாட்டில் இருப்பவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள் பக்கம் திருப்பினார்கள். ஆக உங்களைப் போல வாசலும் போர்டிகோவும் உள்ள தனி வீட்டுக்காரருக்கு அங்கேயே அது நின்றுபோன சங்கதி. நம் நாட்டில் டெல்லி அரசு 2020 கொள்கையில் முதல் 30,000 சார்ஜிங் பாயின்டுகளுக்குத் தலா 6,000 ரூபாய் வரை தருவதாக அறிவித்தது, அது டெல்லிக்காரர்களுக்கு. மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டம் 2024 அக்டோபரில் 10,900 கோடி ரூபாயில் தொடங்கியது, அதில் 2,000 கோடி சார்ஜிங்குக்குத்தான், ஆனால் முழுக்கப் பொது சார்ஜிங் நிலையங்களுக்கு. சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காருக்கும் அதில் ஒரு ரூபாய் கிடையாது. யாராவது போன் செய்து "வீட்டு சார்ஜர் மானியம் சாங்ஷன் ஆகியிருக்கிறது, பிராசஸிங் கட்டணம் அனுப்புங்கள்" என்றால் பேசாமல் வைத்துவிடுங்கள்.

ஷோரூமில் இன்னொரு கதையும் சொல்வார்கள், கார் லோன் வட்டியில் ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு உண்டு என்று. 80இஇபி பிரிவு அது. 2019 ஏப்ரலிலிருந்து 2023 மார்ச்சுக்குள் சாங்ஷன் ஆன லோனுக்கு மட்டும்தான். இப்போது எடுக்கும் லோனுக்குப் பொருந்தாது, அதை நம்பி இஎம்ஐ கணக்குப் போடாதீர்கள்.

உண்மையான சலுகை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று சாலை வரி. இங்கே 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள பெட்ரோல் காருக்கு 15 சதவீதம் ஆயுள் வரி, 12 லட்சம் வண்டிக்கு 1,80,000 ரூபாய். தமிழ்நாடு மின்வாகனக் கொள்கை 2023 மின்சாரக் காருக்கு இதை முழுக்கத் தள்ளுபடி செய்தது, 2025 டிசம்பர் 31 வரை என்று தேதியும் போட்டது. நீங்கள் பதிவு செய்யும் நாளில் எந்த அரசாணை நடப்பில் இருக்கிறதோ அதன்படி ஆன்-ரோடு விலையை ஷோரூமில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். சார்ஜருக்கு ஜிஎஸ்டி 2019 ஆகஸ்டில் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, பில்லில் 18 போட்டிருந்தால் கேளுங்கள். இரண்டாவது இடம் உங்கள் மொட்டைமாடி. அதற்கு வருவதற்கு முன் ஈபி பில்லைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் சார்ஜர் விலையைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிப்பவர்கள்கூட இந்தக் கணக்கைப் போடாமலே வண்டி எடுத்துவிடுகிறார்கள்.

2024 ஜூலை கட்டணப்படி கணக்கு. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீடு என்று வைத்துக்கொள்வோம், ஒரு ஏசி, ஃபிரிட்ஜ், மோட்டார் உள்ள வீட்டுக்கு அது சாதாரணம். முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35, அடுத்த 200 யூனிட் 4.70, ஆக மொத்தம் 1,175 ரூபாய். இப்போது கார் வருகிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 2,000. யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர், சார்ஜ் ஏறும்போது சூடாகிப் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் 320 யூனிட் ஆகும். மொத்தம் 720. 500 யூனிட்டைத் தாண்டிய உடனே அந்த 2.35 ரூபாய்ச் சலுகை போய்விடும், 101 முதல் 400 வரை எல்லாமே 4.70. அதற்கு மேல் 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45. கூட்டிப் பாருங்கள், 4,014 ரூபாய் வரும். 320 யூனிட் கூடியதற்கு 2,839 ரூபாய் கூடுதல், யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 9 ரூபாய். "கரண்ட் யூனிட் அஞ்சு ரூபாய்தானே" என்று சொல்லிக்கொண்டு வண்டி வாங்கியவர்களுக்கு முதல் பில் வந்த அன்று முகம் போன போக்கைப் பார்த்திருக்கிறேன். அப்படியும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள்தான் அடங்குகிறது, பெட்ரோலோடு ஒப்பிட்டால் லாபம்தான், ஆனால் ஷோரூமில் சொன்ன லாபம் இல்லை.

இதற்காகக் காருக்குத் தனி சர்வீஸ் வாங்கலாமா என்று கேட்பீர்கள். மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல்படி இருக்கிற வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்யலாம், வேண்டுமானால் தனி மீட்டரும் கேட்கலாம். ஆனால் மின்வாகனக் கட்டணப் பிரிவில் 100 யூனிட் இலவசம் கிடையாது, கிலோவாட்டுக்கு மாதாமாதம் நிலைக்கட்டணம் உண்டு, நேரத்துக்கு நேரம் யூனிட் விலையும் மாறும். ஒரு காருக்காக அந்த வழிக்குப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மொட்டைமாடிக்கு வருகிறேன். பிஎம் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 1 கிலோவாட் சோலாருக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். நீங்கள் தேடும் மானியம் இதுதான், சார்ஜர் என்ற பெயரில் இல்லை, அவ்வளவுதான். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தினம் நாலு யூனிட் தரும், ஐப்பசி கார்த்திகை மழையில் குறையும். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 600 முதல் 700 யூனிட் எதிர்பார்க்கலாம். பகலில் வீட்டுக்கு மிஞ்சியது ஈபி லைனுக்குப் போய், இரவில் கார் இழுப்பதோடு நெட் மீட்டரில் கழியும். மேலே சொன்ன 720 யூனிட் வீட்டில் மீதி நிற்பது இலவச 100-க்குள்ளேயோ அதை ஒட்டியோ அடங்கிவிடும், சில்லறைக் கட்டணங்கள் போக பில் கிட்டத்தட்டக் காணாமல் போகும். சார்ஜருக்கு 6,000 கொடுக்கிற மானியத்தைவிட இது எத்தனையோ மேல். ஒரு நிபந்தனை, சோலார் செல், அதைக் கோத்த பேனல் இரண்டும் உள்நாட்டில் தயாரித்ததாக இருக்க வேண்டும், கடையில் டிசிஆர் பேனல் என்பார்கள். விலை குறைவாகச் சொல்லும் ஆள் வேறு பேனலை மாட்டிவிட்டால் மானியம் வராது.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஈபி சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறது என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் முக்கால்வாசி தாத்தா பெயரில், இல்லை இடத்தை விற்றவர் பெயரில்தான் இருக்கும், பில் மட்டும் நாம் கட்டிக்கொண்டிருப்போம். சோலார் மானியத்துக்கு விண்ணப்பிப்பவர் பெயரும் சர்வீஸ் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், பணமும் அவர் பேங்க் கணக்குக்குத்தான் வரும். லோடு, அதாவது இணைப்புக்கு அனுமதித்த கிலோவாட் அளவைக் கூட்டுவதற்கும் இந்தப் பெயர்ச் சிக்கல் குறுக்கே வரும். அதனால் கார் புக் செய்யும் முன்பே பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று இழுத்தால் அதுதான் எல்லாவற்றிலும் நீளமான வேலை, வண்டி டெலிவரியே அதற்கு முன் வந்துவிடும்.

சரி, எந்த சார்ஜர்? 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டும் போர்ட்டபிள் கேபிள் 3.3 கிலோவாட் தரும். சுவரில் மாட்டும் பெட்டி 7.2 கிலோவாட். இரவு 11 முதல் காலை 6 வரை 3.3-ல் போட்டால் மீட்டரில் 23 யூனிட், பேட்டரியில் 20 சொச்சம், 140 கிலோமீட்டர் ஓடும். நீங்கள் காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டைக்குத் தினமும் வேலைக்குப் போகிறீர்கள் என்றே வைத்துக்கொண்டாலும் போக வர 50 கிலோமீட்டர்தான். அதற்கு எதற்கு 7.2? வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் சென்னை போய் ராத்திரி திரும்பி, மறுநாள் விடியலில் மறுபடி கிளம்புகிறவர்களுக்கும், வீட்டில் இரண்டு மின்சாரக் கார் உள்ளவர்களுக்கும் அது தேவை. மற்றவர்களுக்கு அது கௌரவம். இன்னொன்று, காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் 3.3 என்றால் சுவரில் எவ்வளவு பெரிய பெட்டி மாட்டினாலும் 3.3-தான் ஏறும். ஒரே மாடலில்கூட விலை குறைந்த வேரியன்டுக்கு 3.3, மேல் வேரியன்டுக்கு 7.2 என்று இருக்கும், புக் செய்யும்போது கேளுங்கள். 45 யூனிட் பேட்டரியைக் காலியிலிருந்து நிரப்ப 3.3-ல் 15 மணி நேரம், 7.2-ல் ஏழு மணி நேரம் ஆகும். யார் தினமும் காலியாக்கிக்கொண்டு வருகிறார்கள்?

பல கம்பெனிகள் பெட்டியை வண்டியோடு தருகின்றன. குறிப்பிட்ட மீட்டர் வரை கேபிள் இலவசம், அதற்கு மேல் மீட்டருக்கு இவ்வளவு என்று இருக்கும். மீட்டர் போர்டு வாசல் பக்கம், கார் பின்பக்கம் என்றால் அந்தக் கூடுதல் கேபிள் காசு நன்றாகவே கடிக்கும். டெலிவரிக்கு முன்பே ஆளை வரச் சொல்லி அளந்து, தொகையை எழுதி வாங்குங்கள். வெளியில் தனியாக வாங்கினால் 7.2 பெட்டி 20,000-லிருந்து 50,000 வரை போகும். ஆப், வைஃபை, தொடுதிரை எல்லாம் விலையை ஏற்றும் சமாசாரம், சார்ஜ் ஏறுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நான் காசைப் போடச் சொல்வது வயரிலும் எர்த்திலும்தான். சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் பார்த்தது: போர்டிகோ சுவரில் முன்பு எதற்கோ போட்ட 15 ஆம்பியர் பாயின்ட், அதிலேயே காரை மாட்டியிருந்தார்கள். பிளக்கைப் பிடுங்கினால் கை சுடுகிறது. சாக்கெட் முகத்தில் நியூட்ரல் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம். கழற்றினால் உள்ளே இரண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், அதுவும் ஹாலிலிருந்து வரும் வழியில் இரண்டு பாயின்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தது, ஸ்குரூ அரைச் சுற்று லூஸ், இன்சுலேஷன் கருகி நொறுங்குகிறது. அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷம் ஓடும், ஹீட்டர் கால் மணி நேரம், கார் ஏழெட்டு மணி நேரம் விடாமல் 14, 15 ஆம்பியர் இழுக்கும். அதனால் 3.3-க்கே டிபியிலிருந்து (வீட்டு லைன்களெல்லாம் பிரியும் ஸ்விட்ச் பெட்டி) நேராக, நடுவில் வேறு எதற்கும் பிரியாமல், 4 ஸ்கொயர் செம்பு வயரும் 20 ஆம்பியர் எம்சிபியும் (லோடு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) தனியாகப் போடுங்கள், சாக்கெட்டும் நல்ல கம்பெனியாக இருக்கட்டும். 7.2 என்றால் 32 ஆம்பியர், 6 ஸ்கொயர் குறைந்தபட்சம், தூரம் 20 மீட்டரைத் தாண்டினால் 10 ஸ்கொயர், 40 ஆம்பியர் எம்சிபி. இரண்டுக்குமே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) தனியாக வேண்டும். கடையில் ஏசி டைப்பை, அதாவது ஆல்டர்நேட்டிங் கரண்ட் கசிவை மட்டும் பார்க்கும் ரகத்தை, கையில் கொடுப்பார்கள், காருக்கு அது போதாது, ஏ டைப் என்று கேட்டு வாங்குங்கள். சார்ஜர் பெட்டிக்குள்ளே டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இல்லை என்றால் பி டைப் வேண்டும், அது விலை அதிகம், ஆகவே அந்த வசதி உள்ள பெட்டியாகப் பார்ப்பது சிக்கனம்.

எர்த்து விஷயத்தில் நம் பக்கத்துக்கு ஒரு தனிப் பிரச்சினை. சுற்றிலும் மலை, தோண்டினால் சீக்கிரமே பாறை தட்டும், மண்ணும் காய்ந்த மண். வீடு கட்டும்போது உப்பும் கரியும் போட்டுப் புதைத்த குழாய் மார்கழியில் நன்றாக வேலை செய்யும், அக்னி நட்சத்திரத்தில் பெயருக்கு இருக்கும். சில எலக்ட்ரீஷியன்கள் எர்த் வயரைக் கொண்டுபோய் போர்வெல் கேசிங்கில் கட்டிவிடுவார்கள், அது பிவிசி கேசிங் என்று தெரிந்தும். ஃபிரிட்ஜும் டிவியும் இதற்கெல்லாம் கவலைப்படாது. கார் அப்படி இல்லை, எர்த்து சரியில்லை என்று தெரிந்தால் சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும், சிவப்பு லைட் எரியும், நீங்கள் வண்டியில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுவீர்கள். பார்ப்பது சுலபம்: ஹீட்டரையோ ஏசியையோ ஓடவிட்டு, அந்த சாக்கெட்டில் பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, மூன்றாவது இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. முதலாவது 232, இரண்டாவது 180 என்று காட்டினால் அந்த எர்த்தை நம்பாதீர்கள், காருக்கென்று புதிதாக ஒரு கெமிக்கல் எர்த் போடுங்கள், சில ஆயிரம் ஆகும். வோல்ட் சரியாகக் காட்டினாலும் அது முழுச் சோதனை ஆகாது, எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் ஆளைக் கொண்டு ஓம் கணக்கில் ஒரு தடவை அளந்துவிடுவது உத்தமம். மே மாதத்தில் அளந்தால் இன்னும் உத்தமம்.

7.2-தான் வேண்டும் என்று முடிவு செய்தால் லோடு கூட்ட வேண்டும், சிங்கிள் பேஸ் வீடு என்றால் த்ரீ பேஸாக மாற்ற வேண்டும். மின்பகிர்மானக் கழகத்தின் இணையத்தில் விண்ணப்பித்து, டெபாசிட்டும் வளர்ச்சிக் கட்டணமும் ஒரு தடவை கட்டுவதோடு சரி. வீட்டு இணைப்புக்கான நிலைக்கட்டணத்தை 2022 செப்டம்பரில் எடுத்துவிட்டதால், லோடு கூட்டினால் பில் ஏறும் என்ற பழைய பயம் தேவையில்லை. த்ரீ பேஸ் வந்த பிறகும் ஒரு விஷயம்: 7.2 பெட்டி ஒரு பேஸில் மட்டும்தான் உட்காரும். அந்த பேஸில் ஏற்கெனவே ஏசியும் ஹீட்டரும் இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பிரித்துவிடுங்கள். நம் வீடுகளில் டிபி பக்கத்தில் பேஸ் சேஞ்சர் இருக்குமே, ஒரு பேஸ் போனால் திருப்பிவிட்டு மொத்த வீட்டையும் உயிரோடு இருக்கும் பேஸுக்குக் கொண்டுவருவோமே, அந்த ஸ்விட்ச் தாங்கும் அளவு என்னவென்று பாருங்கள். ராத்திரி ஒரு பேஸ் போய், யாரோ தூக்கக் கலக்கத்தில் அதைத் திருப்பி, வீடும் காரும் ஒரே பேஸில் விழுந்தால் 32 ஆம்பியரும் இரண்டு ஏசியும் அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாகத்தான் போக வேண்டும். சார்ஜர் லைனைப் பேஸ் சேஞ்சருக்கு முன்னாலேயே பிரித்து எடுத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

பெட்டியை மேற்கு பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். சித்திரை வைகாசி மதியத்தில் அந்தச் சுவரைத் தொட முடியாது, பெட்டி சூடேறித் தானாகவே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும், இல்லை நின்றுவிடும். போர்டிகோ கூரைக்கு அடியில், மழைச் சாரல் படாத இடத்தில், நெஞ்சு உயரத்தில் இருந்தால் போதும். வெயிலில் நெடுஞ்சாலையில் ஓட்டி வந்த கையோடு சொருக வேண்டாம், சாப்பிட்டுவிட்டு வந்து போடுங்கள்.

அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கம் நிலத்தில் வீடு உள்ளவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. விவசாய மோட்டாருக்கு வரும் இலவச கரண்டில் காரைச் சொருகுவது மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவில் அனுமதியில்லாத உபயோகம், இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள், அதற்கு மேல் அந்த சர்வீஸுக்கே சிக்கல் வரும். மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி சார்ஜர் கட்டாகிறது என்றால் காரின் திரையில் ஆம்பியரைக் குறைத்து வைத்துப் பாருங்கள், பல வண்டிகளில் அந்த வசதி உண்டு. வாடகை வீட்டுக்காரர்கள் 3.3 போர்ட்டபிளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வயரும் எம்சிபியும் போட வீட்டு ஓனரிடம் கேட்டுவிட்டு, அந்த லைனுக்கு ஒரு சப் மீட்டர் மாட்டினால் யூனிட் சண்டை வராது. ஓனர் எந்த விலை போடுவார் என்பதை மட்டும் மேலே போட்ட ஸ்லாப் கணக்கைக் காட்டிப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, கரண்ட் போனால் அதில் ஓடுமா என்று கேட்டிருந்தீர்கள். ஓடாது. ஃபேனுக்கும் லைட்டுக்கும் வைத்த 900 விஏ இன்வெர்ட்டர் 3,300 வாட்டைத் தாங்காது. போர்டிகோ லைன் பல வீடுகளில் இன்வெர்ட்டர் பக்கம்தான் கொடுத்திருப்பார்கள், ஆகவே புது வயர் இழுக்கும்போது அது மெயின் பக்கத்திலிருந்து வருகிறதா என்று மெயினை ஆஃப் செய்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன் எப்படியும் பகலில்தான், ராத்திரி சார்ஜுக்கு அதனால் பாதிப்பில்லை.